சுண்ணாம்புத் தூக்கம்

ஒன்பது மணிச் சொட்டு விழுந்தது. குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டிய மருந்து அது. பால் மாதிரி இருக்கும். சும்மா வைத்தால் அடியில் மாவு தங்கிவிடும். மயிலாத்தாள் தன் வலது கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று படர்வதை உள்ளேயிருந்து பார்த்தாள். "அழுத்தி மூடாதீங்கம்மா, கதவு சாத்தறாப்பல சும்மா சாத்துங்க" என்றாள் ரோஸ்லின் சிஸ்டர். சாத்தினாள். இனி அடுத்த சொட்டு பத்து மணிக்கு. ராவும் பகலும் மணிக்கொரு சொட்டு, இன்றோடு ஏழு நாள். பத்து மணிக்கு டாக்டரம்மாவும் வருவார். நேற்று அவர் அந்த நீல வெளிச்சத்து மெசினில் இவள் தாடையை வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், "புண்ணு அசையலையேம்மா. சோளத்தட்டு, நெல்லு, மண்ணு பட்டவங்களுக்கு வர்ற பூஞ்சை எல்லாம் எங்களுக்குத் தெரியும். உங்க கண்ணுல சுரண்டி எடுத்தது அது மாதிரி வளரல. கண்ணுல என்ன பட்டுச்சுன்னு நல்லா யோசிச்சு வைங்க. நாளைக்குப் பத்து மணிக்குக் கேப்பேன். அதை வச்சுத்தான் மருந்தை மாத்தறதா, கருவிழியையே எடுத்து வேற வைக்கறதான்னு பாக்கணும். தள்ளிப்போட்டா கண்ணே தங்காது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ரோசனை பண்ணுவதற்கு இதில் என்ன இருக்கிறது. மயிலாத்தாளுக்குத் தெரியும் என்ன பட்டது என்று. எந்த நாள், எந்த மூலை, எந்த அடுக்கு, எல்லாம் தெரியும். தெரிந்ததைச் சொல்ல ஒரு மணி நேரம் இருக்கிறது. சொல்லாமல் இருக்கவும் அதே ஒரு மணி நேரம்தான்.

எதிர்ச்சுவரில் கடிகாரம். இடது கண்ணால் பார்த்தால் முள் தெரிகிறது, கொஞ்சம் சாய்ந்தாற்போல. ஒன்பது ஐந்து. மல்பெரிக் குச்சி பட்டுவிட்டது என்றுதான் சீட்டில் எழுதியிருக்கிறது. அதை இவள் சொல்லவில்லை. சேர்த்த அன்றைக்கு டாக்டரம்மா இவளைப் பார்த்துத்தான் கேட்டார், பதிலை மகன் நவநீதன் சொன்னான். "செடி வெட்டறப்பக் குச்சி பட்டிருச்சுங்க டாக்டர்." இவள் தலையாட்டினாள். கழுத்து அப்படிப் பழகிப்போன கழுத்து. கட்டிக்கொடுத்த வீட்டில் மாமியாருக்கு ஆட்டியது, புருசன் இருந்த வரைக்கும் அவருக்கு ஆட்டியது, அவர் போனபிறகு மகனுக்கு ஆட்டுகிறது. இதில் குறையென்று சொல்ல முடியாது. மகன் நல்லவன், குடி கிடையாது, அம்மா சாப்பிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவான். ஆனால் கண் யாருடையது. சுரண்டும்போது வலித்தது யாருக்கு. மரத்துப்போக மருந்து விட்டுத்தான் சுரண்டினார்கள், ஆனாலும் பிளேடு மாதிரி ஒன்று கண்மணிக்கு நேராக வருவதைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டுமே, அது வேறு வலி. அப்போது மாகாளியாத்தாளைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட வாயில் குச்சி பட்டுது என்ற பொய்யும் இருந்தது. பொய்யை மென்றுகொண்டே சாமியைக் கூப்பிட்டால் சாமிக்கு எது கேட்கும். மகள் கோகிலவாணி திருப்பூரிலிருந்து போனில் அழுதாள், "வெள்ளியில கண்மலர் செஞ்சு சாத்தறேன்னு வேண்டியிருக்கேன்மா, நீ வெசனப்படாத." வெள்ளிக் கண் சாத்துவதெல்லாம் சரி கண்ணு, ஆத்தாளுக்குக் கண் நன்றாகத்தானே இருக்கிறது, அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள் அன்றைக்கு, அந்த மூலையில் நான் குனிந்தபோது.

ஐப்பசி மாதம். உடுமலைப் பக்கம் பத்து நாளாக வெயிலே இல்லை, பட்டுப்புழு வளர்க்கிற செட்டுக்குள் வாளியில் வைத்த தண்ணீர்கூடப் பிசுபிசுத்த மாதிரி இருந்தது. புழு நாலாவது தூக்கத்துக்குப் போயிருந்தது. பட்டுப்புழு நாலு தரம் தூங்கும், நாலு தரம் தோலுரிக்கும், நாலாவது எழுந்ததும் பேய்த்தீனி தின்று ஏழாம் நாள் கூடு கட்டப் போய்விடும். தூங்கும்போது தீனி போடக்கூடாது, ஈரம் இருக்கக்கூடாது, அதனால் மேலே சுண்ணாம்புத் தூளைத் துணியில் கட்டித் தட்டிவிடுவார்கள். தூங்குகிற புழு படுக்காது. பின்பாதி இலையில் ஒட்டியிருக்க முன்பாதியை நிமிர்த்தித் தலையைத் தூக்கி அப்படியே இருக்கும், ஆயிரக்கணக்கில், அடுக்கடுக்காக, எல்லாம் ஒரே நேரத்தில் கும்பிடுகிற மாதிரி. அந்த நேரத்தில் மயிலாத்தாள் செட்டுக்குள் வாய்விட்டுப் பேசமாட்டாள். கோயிலில் தீபாராதனை நடக்கும்போது யாராவது கதை பேசுவார்களா. இருபத்திரண்டு வருசத்தில் எத்தனை கோடிப் புழு இவள் முன்னால் தலை தூக்கி நின்றிருக்கும். அன்றைக்கு எல்லா அடுக்கும் எழுந்துவிட்டது. வடக்கு மூலையில் கீழடுக்கு மட்டும் எழவில்லை. வெள்ளையாக இருந்தது. நாம் போட்ட சுண்ணாம்பு, இன்னும் தூங்குதாக்கும், குளிர் ஜாஸ்தி என்று விட்டுவிட்டாள். மறுநாளும் வெள்ளை. மறுநாளும் தூக்கம். சுண்ணாம்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிற மாதிரி இருந்தது, நேற்றுத் தட்டியதை விட இன்று கூடியிருக்கிற சுண்ணாம்பு எங்கேயிருந்து வரும் என்று ஒரு நொடி தோன்றியது, தோன்றியதை உடனே தள்ளிவிட்டாள். தோன்றுவதைத் தள்ளிவிடுவதும் பழக்கம்தான். தோல் ஒட்டிக்கொண்டதோ என்னவோ என்று குனிந்தாள். புழுவைத் தொட இறகு இருக்கிறது, கம்பியில் தொங்குகிறது, எட்டினால் கைக்கு வரும். புழு மேல் ஊதக்கூடாது என்பது முதல் பாடம், ஊருக்கு வந்த எத்தனை மருமகப் பெண்களுக்கு இவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எழுந்திரு சாமி என்று சொல்லி, தூங்குகிற குழந்தையின் நெற்றியில் ஊதுவது போல, ஊதினாள்.

சுண்ணாம்பு பறக்கவில்லை. சுண்ணாம்பு கனம், விழும். இது எழும்பியது. புகை மாதிரி, மாவு மில்லில் வெயில் விழுகிற இடத்தில் தெரியுமே அந்த மாதிரி, மெல்ல எழும்பி இவள் முகத்துக்கு வந்தது. ஒரு புழுவை எடுத்துப் பார்த்தாள். விறைத்திருந்தது. சாக்பீஸ். அமுக்கினால் முறியும் போல. உடம்பு முழுக்க உள்ளேயிருந்து பூத்திருந்தது. சுண்ணக்கட்டி நோய். பெயரைச் சொன்னாலே செட்டுக்காரர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். கண்ணைக் கசக்கினாள். அந்தக் கையால்தான். ஐந்தாறு நாள் கழித்து மண் விழுந்த மாதிரி உறுத்தியது, விளக்கெண்ணெய் விட்டாள், மெடிக்கல் கடையில் கொடுத்த சொட்டை விட்டாள், ரெண்டு நாள் சொகமாக இருந்து மூன்றாம் நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று. கண்ணாடியில் பார்த்தால் கருவிழியில் ஒரு வெள்ளைப் பொட்டு, ஓரம் பிசிறு பிசிறாக, பஞ்சு பிரிந்த மாதிரி. அந்தப் பிசிறைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எந்த டாக்டரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிசிறை அவள் புழுவின் உடம்பில் பார்த்திருக்கிறாள்.

ஒன்பது பதினெட்டு. பக்கத்துக் கட்டில் சொர்ணம் கண்ணைச் சாத்திக்கொண்டே பேசுவாள். பொள்ளாச்சிக்காரி, தென்னை மட்டை அடித்த கண். "ஏனுங் அக்கா, தூங்கறீங்களா?" "இல்ல." "எனக்கு வந்திருக்கறது கருப்புச் சாதியாமா. அந்தக் கடேசிக் கட்டில் அம்மிணிக்கு மண்ணுல இருக்கறதாமா. உங்களுக்கு என்ன சாதின்னே தெரியலைங்கறாங்களே." "தெரியலையாமா." "பொண்ணு பாக்கப் போனாப்பல ஒவ்வொருத்தருக்கும் என்ன சாதி, என்ன கூட்டம்னு கேட்டுக்கிட்டுக் கெடக்கறோம்" என்று சிரித்தாள். சிரித்தால் அவளுக்குக் கண் வலிக்கும், ஆனாலும் சிரிப்பாள். மயிலாத்தாளும் சிரித்தாள். கூட்டம்தான். நம்மில் எத்தனை கூட்டம் இருக்கிறதோ அத்தனை இதிலும் இருக்கும். ஊறுகாய்ச் சாடியில் ஈரக்கரண்டி போட்டால் மேலே படர்வது ஒரு கூட்டம். மழைக்காலத்தில் பெல்ட்டிலும் செருப்பிலும் பச்சையாக வருவது ஒன்று. நாற்று நட்ட பொம்பளைகளின் கால்விரல் இடுக்கைத் தின்கிற சேத்துப்புண் ஒன்று. இடி இடித்த மறுநாள் பனைமரத்தடியில் குடை விரிப்பதை நாமே பறித்துக் குழம்பு வைத்துத் தின்றோம். கொரோனாக் காலத்தில் மூக்கு வழியாக ஏறிக் கண்ணைப் பிடுங்கிய கருப்பு ஒன்று. வெளியே சீட்டுப் போடுகிற வரிசையில் அப்படி ஒரு கண் போன பெண்ணைப் பார்த்தாள், பாதி முகத்துக்கு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, இருக்கிற கண்ணால் எல்லாரையும் முறைத்துக்கொண்டு நின்றாள். அந்த முறைப்பு மயிலாத்தாளுக்குப் பிடித்திருந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிச் செத்த ஈயைச் சுற்றி வட்டமாக வெள்ளைப் பொடி இருக்குமே, அது ஒன்று. ஈயைத் தின்கிறது ஈயோடு நிற்க வேண்டும். புழுவைத் தின்கிறது புழுவோடு நிற்க வேண்டும். எல்லை என்று ஒன்று இல்லையா. "அக்கா, கோவிச்சுக்காதீங்க, அத்தனை புழுவைக் கொன்ன பாவம்னு ஒண்ணு இருக்குதல்லொ" என்றாள் சொர்ணம். முந்தாநாளும் சொன்னாள். முந்தாநாள் பேசாமல் இருந்துவிட்டாள். இன்று, "நான் வளத்தறவ. கொன்னது நானில்ல. அப்பிடியே பாவம்னாலும், பட்டுச்சேலை கட்டறவிய அத்தனை பேருக்கும் கண்ணு நல்லாத்தான இருக்குது" என்றாள். சொன்னபிறகு இது நம் குரலா என்று இருந்தது. சொர்ணம் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "அதுஞ் செரித்தான், என்ற பீரோவுல நாலு கெடக்குது" என்றாள்.

ஒன்பது இருபத்தைந்து. ஒரு பயம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. மல்பெரிக் காட்டு வரப்பில் ஒரு தரம் வெட்டுக்கிளிகளைப் பார்த்தாள். புல்லின் நுனியில் ஏறி, தண்டை முன்காலால் கட்டிப்பிடித்துக்கொண்டு, தலை மேலே பார்க்கச் செத்திருந்தன. ஒன்று ரெண்டு இல்லை, வரப்பு நெடுக. இது என்ன கூத்து, சாவதற்கு உச்சிக்கு ஏறுமா என்று கேட்டதற்கு, தோட்டக்கலை ஆபீசிலிருந்து வந்த பெண், "பூஞ்சைதாங்கம்மா, உள்ள போயி அதை மேல ஏற வைக்குது. ஒசரத்துல செத்தாத்தான் பொடி நல்லாப் பரவும்" என்றாள். அதிலிருந்து அந்த நினைப்பு. ஏறும்போது வெட்டுக்கிளிக்குத் தெரியுமா, ஏறுவது தான் இல்லை என்று. அது, நான்தான் ஏறுகிறேன், காற்று வாங்க ஏறுகிறேன் என்று நினைத்துக்கொண்டுதானே ஏறியிருக்கும். இப்போது என் கண்ணுக்குள் ஒன்று வேர்விட்டு உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்குப் பின்னால்தானே மூளை. ஏழு நாளாக நான் நினைப்பதெல்லாம் நான் நினைப்பதுதானா. சொல்லாதே, குச்சி என்றே இரு, பேசாமல் படு என்று உள்ளே ஒரு குரல் சொல்கிறதே, அது யார். அதுதானா. பேசாமல் இருந்தால் அதற்குத்தானே லாபம். படரலாம். சேச்சே, என்ன பைத்தியக்காரத்தனம். அந்தக் குரல் பூஞ்சைக்கு முன்னாலேயே இருந்தது. அந்தக் குரலுக்கு ஐம்பத்தேழு வயசு. அது மாமியார் குரலில் பேசும், புருசன் குரலில் பேசும், சில சமயம் இவள் கும்பிடுகிற சாமியின் குரலில்கூடப் பேசும்: பொறுத்துப் போ, பொறுத்துப் போ. பொறுத்துப் போய்ப் போய் இவளும் எந்தத் தண்டிலோ ஏறிக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஏற்றிவிட்டது எது என்று கேட்டதே இல்லை. ஆத்தா, மாகாளி, நான் இப்ப உன்னைக் கும்பிடல. கும்பிட்டுக் கேட்டதெல்லாம் போதும். இன்னைக்குச் சொல்றன், கேட்டுக்க. இது புழுவுக்குன்னு பொறந்தது. என்னையப் புழுன்னு நெனச்சு வந்திருச்சு. நான் புழு இல்ல. அதுக்கும் தெரியட்டும், உனக்கும் தெரியட்டும். மனசுக்குள் இப்படிப் பேசியதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை எழுந்தது. பாதியில் நிறுத்திப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒன்பதரைக்கு நவநீதன் வந்தான், கையில் பிளாஸ்க். "ராகிக் கூழும்மா, மோர் விட்டிருக்குது." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து டம்ளரை இவள் கையில் வைத்து, கை சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்துத்தான் விட்டான். அப்படிப்பட்ட பிள்ளை. முப்பத்துமூன்று வயசு, நாலு நாளாகச் சவரம் பண்ணவில்லை. சுத்தி இருக்கிற நாற்பது செட்டுக்கும் இளம்புழு இவன் மையத்திலிருந்துதான் போகிறது. முட்டை வாங்கிப் பொரிக்க வைத்து, ரெண்டாவது தூக்கம் வரைக்கும் வளர்த்துக் கொடுப்பான். நவநீதன் புழு என்றால் நோய் வராது என்று பேர். "அம்மா, டாக்டர் இன்னைக்குக் கேப்பாங்களாமா, சிஸ்டர் சொன்னா." "ஆமா." "குச்சி பட்டுச்சு, அவ்வளவுதான். கேக்கக் கேக்க வேற வேற சொல்லிக் கொளப்பீராத." "அவிய நெசத்தக் கேக்கறாங்க சாமி." "நெசம் சொல்லி என்ன ஆகப்போகுது? கண்ணுக்கு மருந்துதானே ஊத்தப்போறாங்க, எது பட்டா என்ன. நீ செட்டுன்னு வாயெடுத்தீன்னா அது ஆஸ்பத்திரியோட நிக்காது. பட்டு ஆபீசுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியும். நாப்பது செட்டுலயும் வந்து நோண்டுவாங்க." குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். சொர்ணம் கண்ணைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். "நாப்பது செட்டுலயும் இப்ப எத்தனாவது தூக்கம்?" என்று கேட்டாள் மயிலாத்தாள். அவன் சொர்ணத்தின் கட்டிலைப் பார்த்தான். "சொல்லு. எத்தனாவது?" "அதுக்கப்புறம் குடுத்த புழுவுக்கு இந்த வாரம் நாலாவது." இந்த வாரம் நாற்பது வீட்டுப் பெண்களும் சுண்ணாம்பு தட்டுவார்கள். நாற்பது பேரும் குனிந்து பார்ப்பார்கள். எழாத புழுவை அம்மாக்காரி எப்படி எழுப்புவாள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை இவள் அவனிடம் கேட்டதில்லை. மோட்டார் ரூமில் உரச்சாக்குக்குப் பின்னால் ஒரு பாக்கெட். பச்சை எழுத்து, செடியும் பூவும் படம் போட்டது. ஐந்தாவது வரை படித்த படிப்பில் எழுத்துக் கூட்டி வாசித்தாள். பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் பூஞ்சை, பிவேரியா. மல்பெரிக்குப் பக்கத்தில் தக்காளி போட்டிருந்தான், காய்ப்புழு விழுந்துவிட்டது, விசம் அடித்தால் காற்றில் வந்து பட்டுப்புழு செத்துவிடும் என்று விசம் இல்லாத மருந்தாகத் தேடி வாங்கியிருக்கிறான். நல்லது என்று நினைத்துத்தான். மனுசனுக்கு ஒன்றும் பண்ணாது என்று கடைக்காரன் சொல்லியிருப்பான், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவு. காய்ப்புழுவும் புழு, பட்டுப்புழுவும் புழு, பூஞ்சைக்கு எந்தப் புழு நம் வீட்டுப் புழு என்று தெரியுமா. தக்காளியில் அடித்துவிட்டு அதே சட்டையோடு இளம்புழு ரூமுக்குள் போயிருக்கிறான். அதனாலேயே வந்தது என்று இவளுக்குச் சத்தியம் பண்ணத் தெரியாது. குளிருக்குத் தானாகவும் வரும். ஆனால் வடக்கு மூலைப் புழுவைப் பார்த்த அன்று அவன் முகம் போன போக்கு இவளுக்குத் தெரியும். மத்தியானம் ஊர் அடங்கிய நேரத்தில் அந்த அடுக்கை அப்படியே அள்ளிக் கொண்டுபோய்ப் புதைத்தான். திரும்பி வந்து, பத்துத் தரம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான். "யார்கிட்டயும் சொல்லாத" என்றான். தலையாட்டினாள்.

டம்ளரில் கூழ் அப்படியே இருந்தது. ஒன்பது நாற்பத்தாறு. நாலு வயசில் அவன் பிடரியில் படர்தாமரை வந்தது. எட்டணாக் காசு அகலத்துக்கு, ஓரம் சிவந்து, நடுவில் தெளிந்து, நாளுக்கு நாள் வட்டம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. சீமையகத்தி இலையை அரைத்துப் பற்றுப் போடும்போது எரிகிறது எரிகிறது என்று கத்துவான். ரெண்டு முழங்காலுக்கும் நடுவில் அவனை இடுக்கிக்கொண்டு பற்றுப் போட்டாள். கத்தட்டும், போட்டால்தான் போகும். யாராவது வந்து, குழந்தை அழுகிறானே, மூடி வைத்துவிடு, தெரியாமல் சட்டையைப் போட்டு மறைத்துவிடு என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பாளா. மூடினால் இன்னும் படரும். ஈரத்தில், இருட்டில், மூடின இடத்தில்தான் அது வளரும், எந்தக் கூட்டமானாலும் சரி, இந்த ஒரு புத்தி அத்தனைக்கும் பொது. மகன் இப்போது மூடுகிறான். மகனை மூடிக்கொண்டு இவள் படுத்திருக்கிறாள். அவன் பேர் கெட்டுவிடும். கெடும்தான். செட்டுக்காரர்கள் சங்கத்துக் கூட்டத்தில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள், இவனிடம் இளம்புழு வாங்குகிற நாச்சிமுத்து முதலில் எழுந்து நிற்பான், மையத்தைக் கொஞ்ச நாள் பூட்டச் சொல்வார்கள். மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். பெத்த அம்மாவே காட்டிக் கொடுத்துவிட்டாள் என்பார்கள். சொல்லட்டும். காட்டிக் கொடுப்பதற்கு முதலில் கண் வேண்டும். கண் போனால் அவன்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போவான், பாசமாகத்தான் கூட்டிப்போவான், பிளாஸ்கில் கூழ் கொண்டுவந்து டம்ளரைக் கையில் வைப்பான், ஒவ்வொரு தரமும் கை பிடிக்கிறதா என்று பார்ப்பான், ஒவ்வொரு தரமும் அவனுக்குத் தெரியும், இந்தக் கண்ணை நான்தான் வாயடைத்துப் போக்கினேன் என்று. அதைச் சுமந்துகொண்டு அவன் எழுபது வயசு வரைக்கும் இருக்க வேண்டும். பேர் போனால் ரெண்டு வருசத்தில் திரும்பச் சம்பாதிப்பான். இது அப்படிப் போகாது. அவனுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று நினைத்தோமே, அவனுக்காகவும் இல்லை. எனக்காகவும் இல்லை. பிறகு யாருக்காக. பழக்கத்துக்காக. பழக்கத்துக்கு ஒரு கண்ணைக் கொடுப்பதா.

"ரோசனை பண்ணாம குடிம்மா" என்றான் நவநீதன். "மோட்டார் ரூமுல அந்தப் பாக்கெட்ட இன்னும் வச்சிருக்கறயா சாமி?" என்று கேட்டாள். அவன் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். மறுபடி திருகினான். மூடி ஏற்கெனவே இறுகியிருந்தது. "எப்பப் பாத்தே?" "அப்பவே." வெளியே தாழ்வாரத்தில் வண்டி உருட்டுகிற சத்தம், பின்னாலேயே நாலைந்து செருப்புச் சத்தம். கடிகாரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. "அம்மா," என்றான், குரலே இல்லாமல், "நாப்பது பேருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" நாலு வயசில் எரிகிறது எரிகிறது என்று கத்தியவனின் குரல். இழுத்து அணைத்துக்கொள்ளத்தான் கை பரபரத்தது. டம்ளரை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

டாக்டரம்மா வந்தார், கூடப் படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர். சின்ன விளக்கால் கண்ணைப் பார்த்தார். மூச்சை விட்டார். "என்னம்மா, யோசிச்சீங்களா? என்ன பட்டுச்சு?" "குச்சிதாங்க டாக்டர்," என்றான் நவநீதன் கட்டிலின் கால்மாட்டிலிருந்து, "அம்மாவுக்கு ஞாபகம் கொஞ்சம்—" "நீ சித்தெ இருடா" என்றாள் மயிலாத்தாள். வார்டு முழுக்கக் கேட்டது. அவனை டா போட்டு நாலு பேர் முன்னால் பேசியதே இல்லை, பத்து வயசுக்குப் பிறகு. "குச்சி படலீங்க. பட்டுப்புழு செட்டுல, சுண்ணக்கட்டி விழுந்த புழு மேல நான் ஊதிப்போட்டனுங்க. தூங்குதுன்னு நெனச்சு ஊதினனுங்க. அந்தப் பொடி அப்பிடியே கண்ணுல வந்துது. அதே கையில கசக்கினனுங்க. நோய் எங்க செட்டுல வந்துது, நாங்க யாருக்கும் சொல்லல. தக்காளிக்குப் பூச்சி மருந்துன்னு அடிச்சதும் பிவேரியாங்கற பூஞ்சைதானுங்க. அதுல இருந்து வந்துதா தானா வந்துதான்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சதெல்லாம் சொல்லிப்போட்டன். குச்சின்னு எழுதியிருக்கறத அடிச்சிருங்க." படிக்கிற பிள்ளைகளில் ஒருத்தி பேனாவைத் திறந்தாள். "புழு எப்படி இருந்துச்சு?" என்றார் டாக்டரம்மா. "சாக்பீஸாட்ட." "லேப்ல வளர்றதும் வெள்ளைப் பொடியாத்தான் இருக்கு. பூச்சிக்கு வர்ற வகையா இருக்குமோன்னு ஒருத்தர் சொன்னார், குச்சின்னு எழுதியிருந்ததால அந்தப் பக்கம் போகாம விட்டுட்டோம். ரொம்ப அபூர்வமா மனுசங்களுக்கு வரும்." சீட்டில் ஒரு வரியைக் கோடு போட்டு அடித்தார். பேனா காகிதத்தில் இழுபடும் சத்தம் மயிலாத்தாளுக்குக் கேட்டது. "மருந்தை மாத்தறேன். மூணு நாள் பாப்போம். கேக்குமா கேக்காதான்னு இப்ப சொல்ல மாட்டேன்மா." "கேக்கலீன்னா?" "கருவிழி மாத்தணும். அதுவும் நிக்குமான்னு பாக்கணும்." "செரிங்க. மூணு நாள் நானும் அதும் பாத்துக்கறம்" என்றாள். படிக்கிற பிள்ளை சிரித்துவிட்டு, சிரித்திருக்கக்கூடாதோ என்று டாக்டரம்மாவைப் பார்த்தது.

அவர்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்கள். "பிள்ளப்பூச்சிக்குக் கொடுக்கு மொளச்சிருச்சுடா அப்பனே" என்று சொர்ணம் யாரிடமோ சொல்வது போலத் தனக்குள் சொல்லிக்கொண்டாள், டாக்டரம்மா விளக்கடித்ததும் வாயை மூடிக்கொண்டாள். ரோஸ்லின் சிஸ்டர் வேறு பாட்டிலுக்குச் சொல்ல ஓடினாள். நவநீதன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தான், பிடரி தெரிந்தது. தோள் ரெண்டு தரம் ஏறி இறங்கியது. ஒரு நிமிசம் பொறுத்தாள். அப்புறம், "நாச்சிமுத்து வூட்டுலதான் தூக்கம் மொதல்ல விழுவும். அவனுக்கு மொதல்ல போனப் போடு. பொம்பளைகள யாரையும் இன்னைக்குச் செட்டுக்குள்ள போகவேண்டாம்னு சொல்லு. போயே ஆகோணும்னா மூஞ்சியக் கட்டிக்கிட்டுப் போகச் சொல்லு. என்ன நடந்துதுன்னு ஒண்ணு விடாமச் சொல்லு" என்றாள். அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தான், தாழ்வாரத்தில் போய்ப் பேச. கதவு வரைக்கும் போகவிட்டாள்.

"எங்க போற? இங்க வா. இங்கயே நின்னு பேசு" என்றாள். "கண்ணுலதான் பூஞ்சை. காது எனக்கு நல்லாக் கேக்குது."

அவன் திரும்பி வந்து கட்டில் அருகே நின்றான். எண்ணை அழுத்தினான். அந்தப் பக்கம் மணி அடிக்கிற சத்தம் இவளுக்கும் கேட்டது. "அண்ணா, நவநீதன் பேசறனுங்க" என்றான்.